தேய்ந்த விளிம்பு

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து புதுச்சேரி நோக்கித் தெற்கே சென்றால் கூனிமேடு வரும். 1680களில் ஆங்கிலக் கும்பினியார் அங்கே ஒரு பண்டகசாலை வைத்திருந்தனர். அவர்தம் ஏடுகளில் ஊர்ப்பெயர் 'கொனிமீர்' ஆயிற்று. அவ்வூரிலிருந்து நம் மாணவர் ஒருவர் கொண்டுவந்த வெள்ளி ரூபாயே இக்கட்டுரைக்குக் காரணம்.

1840 என ஆண்டு பொறித்த விக்டோரியா ரூபாய் அது. அரசியின் முகம் தெளிவாக இருந்தது; விளிம்புதான் தேய்ந்திருந்தது. "விளிம்பு கெட்டுவிட்டது, வெள்ளி விலைதான் தருவேன்" என்றாராம் நாணயச் சேகரிப்பாளர் ஒருவர். கொடுத்துவிடலாமா என்பது மாணவரின் வினா.

காசின் மதிப்பு அதன் எடையில் இருந்த காலத்தில் ஓரத்தை நறுக்கியும் அராவியும் துகள் சேர்ப்பது எளிய களவு. ஆகவே நோட்டம் பார்ப்போர் தேவைப்பட்டனர். நம் முன்னோர் அவரை வண்ணக்கர் என்றனர்; சங்கப் புலவர் சிலரின் பெயரிலேயே அச்சொல் உண்டு. இங்கிலாந்திலோ நறுக்குண்ட வெள்ளிக் காசுகளை 1696இல் திரும்பப் பெற்று உருக்கி அடிக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டுதான் ஐசக் நியூட்டன் அந்நாட்டு நாணயச்சாலையில் பொறுப்பேற்றார். விளிம்பில் வரியோ எழுத்தோ பொறித்தால் நறுக்கியது உடனே தெரிந்துவிடும் என்பதே அங்குக் கண்ட தீர்வு.

எனினும் குறைபட்ட விளிம்பெல்லாம் களவன்று. கூனிமேட்டுக்கு வடக்கே, ஆலம்பரையில், 18ஆம் நூற்றாண்டில் ஓர் அக்கசாலை இருந்தது. கையால் அடித்த அக்காலக் காசுகளில் அச்சு பெரிது, வில்லை சிறிது; எழுத்துகள் ஓரத்தில் அறுபட்டு நிற்கும். பழைய முத்திரைக் காசுகளின் மூலை வெட்டும் எடையைச் சரிசெய்ய நறுக்கியதே.

மாணவரின் காசுக்கு வருவோம். 1835ஆம் ஆண்டுச் சட்டப்படி ரூபாயின் எடை 11.66 கிராம். இது சற்றே குறைந்திருந்தது. சுற்றிலும் சீராக அராவியிருந்தால் களவென்று ஐயுறலாம். இங்கோ இடமும் வலமும் மட்டும் பல்வரிகள் மழுங்கியிருந்தன. உச்சியில் ஓரிடம் வழவழப்பாக இருந்தது. அங்கே பற்றாசின் கறையும் தெரிந்தது. வளையம் பற்றவைத்துக் காசுமாலையில் கோத்த காசு இது. பக்கத்துக் காசுகள் உரசியே ஓரங்கள் தேய்ந்தன.

மாணவர் தம் பாட்டியாரிடம் கேட்டுவந்தார். மாலை அவருடைய மாமியாருடையதாம். உப்பளத்தில் வேலை நின்றுபோகும் மழைக்காலங்களில் ஒவ்வொரு காசாக வளையம் அறுத்து விற்றார்களாம். எஞ்சியது இது ஒன்றுதான்.

அன்பர்களே, இத்தகைய காசு உங்கள் வீட்டில் இருந்தால் புளியிட்டுத் தேய்க்க வேண்டா. விளிம்பை அராவிச் சீர்செய்யவும் வேண்டா. எடையையும், அது யார் கழுத்தில் இருந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். மாணவர் காசை விற்கவில்லை.