மூன்று கால்களின் கணக்கு

கேமராவுக்குத் தாராளமாகச் செலவழிப்பவர்கள்கூட அதைத் தாங்கும் ட்ரைபாட் என்று வந்தால் பேரம் பேசுவார்கள். மூன்று குழாய்களுக்கு இவ்வளவு விலையா என்ற கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் புகைப்படத்தின் முதல் ஐம்பது ஆண்டுகளில் முக்காலி உதிரிப் பொருள் அல்ல. கேமராவில் பாதி அதுதான்.

1839-ல் டாகேரின் முறை வெளியானபோது ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் நேரம் பிடித்தது. 1851-ல் பிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கண்ணாடித் தகட்டு முறையை வெளியிட்டார். நிமிடங்கள் நொடிகளாயின. ஆனால் அன்றைக்குப் படத்தைப் பெரிதாக்கி அச்சிடுவது சுலபமில்லை. பெரிய படம் வேண்டுமா, அதே அளவில் கண்ணாடி வேண்டும், அதற்கேற்ற பெட்டியும் வேண்டும். கேமரா கனத்த கதை இதுதான்.

1861-ல் கார்ல்டன் வாட்கின்ஸ் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குக் கொண்டு போன பெரிய தகடுகள் 18-க்கு 22 அங்குலம்! சாமான்களைக் கோவேறு கழுதைகள் சுமந்தன. தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்து, கூடாரத்துக்குள் ஓடிக் கழுவ வேண்டும். நடுவில் காற்றடித்து முக்காலி நடுங்கினால் அத்தனை உழைப்பும் வீண். 1864-ல் அந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டதில் இந்தப் படங்களுக்கும் பங்குண்டு என்பார்கள். வாட்கின்ஸோ 1870-களில் கடனில் மூழ்கித் தன் படக்கூடத்தையும் தகடுகளையும் இழந்தார். புகழ் வேறு, பேரேடு வேறு :-)

அக்காலத்து முக்காலிகள் பெரும்பாலும் மரம். ஒவ்வொரு காலிலும் இரண்டு சட்டங்கள், மேலே அகன்று கீழே சேரும். அதனால் முறுக்கினாலும் எளிதில் திரும்பாது. மரம் அதிர்வையும் சீக்கிரம் அடக்கிவிடும்.

1925-ல் லைக்கா சந்தைக்கு வந்தது. கேமரா கைக்குள் அடங்கியது, முக்காலியும் இளைத்தது. அலுமினியக் குழாய்கள், நான்கைந்து மடிப்புகள். 1994-ல் கிட்ஸோ கார்பன் ஃபைபர் கால்களைக் கொண்டுவந்தது. எடை இறங்கியது, விலை ஏறியது. பெரிய கேமராவும் சின்ன பர்ஸும் வைத்திருந்தவர்கள் என்ன செய்வார்கள்?

அவர்களில் சிலர் போய் நின்ற இடம் நில அளவைக் கருவிகள் விற்கும் கடை. சர்வேயர்கள் தியோடலைட் வைக்கும் முக்காலி வெயிலிலும் சேற்றிலும் தினமும் உழைப்பதற்காகச் செய்யப்படுவது. பழையதாக வாங்கினால் மலிவு. ஆறேழு கிலோ எடை இருக்கும், தோள் வலிக்கும். அந்த எடைதான் காற்றில் காப்பாற்றும்.

இதன் பலம் எளிய கணக்கு. சுவரின் தடிமன் மாறாமல் குழாயின் விட்டம் இரண்டு மடங்கானால், வளைவைத் தாங்கும் உறுதி ஏறக்குறைய 8 மடங்காகும். ஆக, மலிவு ட்ரைபாடில் பென்சில்போல் மெலிந்த கடைசி மடிப்புதான் முதலில் ஆடும். நடுத்தண்டை உயர்த்தினால் நிலைமை இன்னும் மோசம். மூன்று காலுக்குக் காசு கொடுத்துவிட்டு ஒற்றைக் காலில் நிறுத்துவதுபோல. சர்வேயர் முக்காலியில் நடுத்தண்டே கிடையாது.

சிக்கல் திருகில். அளவைக் கருவிகளுக்கு 5/8 அங்குலத் திருகு, கனமான கேமராக்களுக்கு 3/8, சின்னவற்றுக்கு 1/4. ஆகவே மாற்றுத் திருகு ஒன்று கட்டாயம் வேண்டும். லேத் பட்டறையிலும் கடைந்து வாங்கலாம். இன்னொன்று, இதன் கால் நுனிகள் மண்ணில் குத்தி நிற்பதற்கான இரும்புக் கூர்கள். மொசைக் தரையில் வழுக்கும். மூன்று காலையும் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து, அடியில் பழைய ரப்பர் பாயை விரித்த பிறகே கேமராவை மேலே ஏற்ற வேண்டும்.