அந்தமானில் ஒரு தமிழ் ஆளுநர்

அந்தமான் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது, ஏழு கிளைகளாய் விரிந்து 1906-இல் கட்டி முடிந்த செல்லுலர் சிறையேயாகும். 1933-இல் அங்கு உண்ணாநோன்பு இருந்த மகாவீர் சிங், வலிந்து பால் புகட்டப்பட்டதால் உயிர் நீத்த செய்தியைப் பலரும் அறிவர். ஆனால், அத்தீவுகளின் ஆளுநராக ஒரு தமிழர் சில மாதங்கள் இருந்தார் என்பதை, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மில்கூட எத்தனை பேர் அறிவோம்?

1942 மார்ச்சு 23-ஆம் நாள் ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. (அந்நகருக்கு இன்று ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.) வெள்ளையர் ஆட்சி ஒழிந்ததென்று மகிழ்ந்தோரும் இருந்தனர். அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஒற்றர் என்னும் ஐயத்தின் பேரில் எளிய மக்கள் சிறையில் அடைக்கப்பட்டு வதைக்கப்பட்டனர். 1943 அக்டோபரில் டாக்டர் திவான் சிங்கும் பிடிபட்டார்.

டிசம்பர் 29-இல் நேதாஜி வந்தார். மறுநாள் மூவண்ணக் கொடியை ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத், சுவராஜ் என்று பெயர்கள் சூட்டப்பெற்றன. சிறையையும் அவர் பார்வையிட்டார். எனினும், உள்ளே வதைபட்டோரின் குரல் அவர் செவிக்கு எட்டாதவாறு ஜப்பானியர் பார்த்துக்கொண்டனர். இரு வாரங்களில், 1944 ஜனவரி 14-இல், திவான் சிங் மாண்டார். அதே மாதம் 30-ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

அதன் பின்னரே, பிப்ரவரியில், ஆற்காடு துரைசாமி லோகநாதன் வந்து சேர்ந்தார். இந்திய மருத்துவப் பணியில் இருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த மருத்துவர் அவர். பதவியோ பெரிது, கைக்கு வந்தது பெரும்பாலும் கல்வித் துறை மட்டுமே! காவல் துறையை ஜப்பானியர் விடவில்லை. காவல் துறையின்றி ஏனைய துறைகளை ஏற்க லோகநாதன் மறுத்தார். மக்களைக் காக்கும் வலிமை இல்லாத இடத்தில், ஆட்சியாளர் என்னும் பெயரைச் சுமக்க அவர் உடன்படவில்லை என்றே நாம் கருதுகிறோம். உடல் நலம் குன்றி அவ்வாண்டு முடியுமுன்னரே தீவை விட்டுச் சென்றார்.

அங்கு கிட்டாத பொறுப்பு இரங்கூனில் கிட்டியது. 1945 ஏப்ரல் இறுதியில் ஜப்பானியர் அந்நகரைக் கைவிட்டபோது, நேதாஜி ஏறத்தாழ 6,000 வீரரை லோகநாதனிடம் ஒப்படைத்துச் சென்றார். மே மாதத் தொடக்கத்தில் ஆங்கிலப் படை நுழையும்வரை, இந்தியக் குடும்பங்கள் மிகுந்திருந்த அந்நகர் கொள்ளை போகாதவாறு அவ்வீரர்கள் காத்து நின்றனர்.