பெருமமும் சிறுமமும்: இராமச்சந்திரரின் இயற்கணித வழி

செவ்வக மதிலொன்றின் சுற்றளவு 400 முழம் எனில், அது வளைக்கும் பரப்பு எப்போது பெருமமாகும்? காஞ்சிபுரத்துக் கோயில் மதில் எதற்கும் எழுப்பத்தக்க இவ்வினாவுக்கு இன்றைய மாணவர் வகைக்கெழுவைச் சுழியமாக்கி விடை காண்பர். தில்லிக் கல்லூரி ஆசிரியர் இராமச்சந்திரர் 1850இல் கல்கத்தாவில் வெளியிட்ட நூலில், இத்தகைய கணக்குகளை நுண்கணிதமின்றியே தீர்த்தார். அகலம் அ, பரப்பு ப எனில், அ(200 − அ) = ப. இவ்விருபடிச் சமன்பாட்டிற்கு மெய்யெண் தீர்வு கிடைக்க வேண்டுமாயின் ப 10,000ஐ விஞ்சலாகாது; அவ்வெல்லையில் அ = 100, மதில் சதுரம்.

1859இல் இந்நூலை இலண்டனில் மறுபதிப்பிக்கச் செய்த கணிதவியலாளர் டி மார்கன், அதில் இந்தியரின் மரபார்ந்த இயற்கணித மனப்பாங்கைக் கண்டார். இம்மதிப்பீடு முழுமையாகப் பொருந்துவதன்று. இராமச்சந்திரர் ஐரோப்பிய நுண்கணிதத்தை அறியாதவரல்லர், அறிந்தே விலக்கியவர்.