பட்டியலில் பெயர் இல்லையெனில்

வாக்காளர் அடையாள அட்டை கையிலிருப்பதால் மட்டும் ஒருவர் வாக்களித்துவிட முடியாது. பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பெயர் இருந்தால், அட்டை தொலைந்திருப்பினும் ஆதார், நூறு நாள் வேலை அட்டை போன்றவற்றைக் காட்டி வாக்களிக்கலாம். ஆகவே உரிமை பறிபோவது பெரும்பாலும் வாக்குச்சாவடியில் அன்று. அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, பட்டியல் திருத்தத்தின்போது.

2025 ஜூன் 24 அன்று பீகாரில் அறிவிக்கப்பட்ட சிறப்புத் தீவிரத் திருத்தத்தைப் பார்ப்போம். தேர்தல் ஆணையம் பட்டியலிட்ட 11 ஆவணங்களுள் ஆதாரும் குடும்ப அட்டையும் இல்லை. ஆணையமே வழங்கிய அடையாள அட்டையும் இல்லை! பிறப்புச் சான்றிதழ் எந்தத் தெருவில் இருக்கும், எந்தச் சேரியில் இராது என்பதை நாம் அறிவோம். ஆகஸ்ட் 1 வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் விடுபட்டன. அப்பெயர்களைக் காரணத்துடன் வெளியிடுமாறு ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. செப்டம்பர் 8 உத்தரவால் ஆதார் 12ஆவது ஆவணமாயிற்று. அதுவும் அடையாளச் சான்றாக மட்டுமே.

செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு சென்ற தலித் தொழிலாளியின் பூட்டிய வீட்டைக் கண்டு, 'இடம்பெயர்ந்தவர்' என எழுதிவிடுவது அலுவலருக்கு எளிது. ஆனால் தற்காலிகமாக வெளியூர் செல்வதால் ஒருவர் வசிப்பிடத்தை இழப்பதில்லை என்கிறது 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. இக்காரணம் கூறிப் பெயரை நீக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. நீக்கினால், 24ஆம் பிரிவின்கீழ் முதலில் மாவட்ட ஆட்சியரிடமும், பின்னர் தலைமைத் தேர்தல் அதிகாரியிடமும் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு நீக்க உத்தரவின் நகல் தேவை. வாய்மொழிப் பதிலோடு திரும்பாமல் எழுத்தில் கேட்டுப் பெறுவோம்.