ட்றைஸ்ரார் விமானத்தின் வரலாறு: தொழினுட்பம், மூலதனம், அரசு

1

தொழினுட்ப வரலாறு நம்மிடையே பெரும்பாலும் இரு வகையாக எழுதப்பட்டு வந்துள்ளது. முதலாவது, மேதைகளின் வரலாறு. தனியொருவரின் உள்ளத்திற் பளிச்சிட்ட எண்ணமே இயந்திரமாக உருப்பெறுகின்றது என்பது அதன் உட்கிடை. இரண்டாவது, அதற்கு எதிர்வினையாக எழுந்தது. இயந்திரம் எதுவாயினும் அதனை இலாப வேட்டையின் வெளிப்பாடு என ஒரே சொல்லில் முடித்துவிடுவது அதன் இயல்பு. முன்னையது உழைப்பை மறைக்கின்றது. பின்னையது இயந்திரத்தையே மறைத்துவிடுகின்றது. கண்டுபிடிப்புகளுள் தனிமனிதர் ஒருவருக்கே உரியவை எத்துணைச் சில என்பதைத் தொழினுட்பத்தின் விமர்சன வரலாறு காட்டும் என்று ‘மூலதனம்’ முதற்றொகுதியின் அடிக்குறிப்பு ஒன்றில் மார்க்ஸ் கூறிப்போந்தார். அத்தகைய வரலாற்றை எழுதும் பணி இன்னும் முற்றுப்பெறவில்லை.

அப்பணிக்கு உதவக்கூடிய ஓர் உதாரணமாக ஐக்கிய அமெரிக்காவின் லொக்ஹீட் நிறுவனம் உருவாக்கிய எல்-1011 ட்றைஸ்ரார் என்னும் அகன்ற உடல் கொண்ட பயணிகள் விமானத்தின் வளர்ச்சி வரலாறு இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது. 1970களிலே பறந்த பயணிகள் விமானங்களுள் தொழினுட்பச் சிறப்பில் முன்னணியில் நின்றவற்றுள் ஒன்று அது. எனினும் 250 விமானங்களே கட்டப்பட்டன. அதன் வாழ்நாளிற்குள் பிரித்தானியாவின் புகழ்பெற்ற கைத்தொழில் நிறுவனமொன்று முறிவடைந்து அரசுடைமையாயிற்று. அமெரிக்கச் செனற் சபை ஒரேயொரு மேலதிக வாக்கினால் அதன் தலைவிதியைத் தீர்மானித்தது. யப்பானிய முன்னாட் பிரதமர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். இவையனைத்தும் தற்செயலாக ஒருங்கு நேர்ந்தவையா? அல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2

1966ஆம் ஆண்டிலே அமெரிக்கன் எயார்லைன்ஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் பிராங் கோக் என்பார் விமான உற்பத்தியாளர் முன் ஒரு தேவையை வைத்தார். ஏறத்தாழ 250 பயணிகளை ஏற்றுவதும், நியூயோர்க்கின் லாகுவார்டியா விமான நிலையத்துக் குறுகிய ஓடுபாதைகளிலிருந்து இயங்கத்தக்கதுமான இரண்டு எஞ்சின் விமானம் வேண்டுமென்பதே அது. ஆயின் ஏனைய விமான சேவை நிறுவனங்கள் கரிபியன் கடல்மேலும் கண்டங்குறுக்காகவும் பறக்கும் விமானத்தை நாடின. இரண்டு எஞ்சின் விமானங்கள் இறங்குதளங்களிலிருந்து விலகிச் செல்லக்கூடிய தூரத்தை அக்கால விதிகள் கட்டுப்படுத்தியமையால் மூன்று எஞ்சின்கள் இன்றியமையாதனவாயின.

இத்தேவைக்கு இரு நிறுவனங்கள் விடையளிக்க முன்வந்தன. ஒன்று லொக்ஹீட், மற்றையது, 1967இல் இரு நிறுவனங்கள் இணைந்து தோன்றிய மக்டொனல் டக்ளஸ். முன்னதின் ட்றைஸ்ராரும் பின்னதின் டி.சி.-10உம் அளவிலும் ஆற்றலிலும் நோக்கத்திலும் இரட்டையர் எனத்தக்கவை. ஒரு விமானத்திற்கே போதுமான சந்தையில் இரு விமானங்கள் புகுந்தன. இரண்டிற்கும் தனித்தனியே வரைபடங்கள், தனித்தனியே தொழிற்சாலைகள், தனித்தனியே கடன்கள் ஏற்பட்டன. போட்டி சிக்கனத்தைத் தோற்றுவிக்கும் என்பது பாடநூற் பொருளியலின் கூற்று. இங்கு அது ஒரே வேலையை இருமுறை செய்வித்தது.

இவ்வாறு போட்டியிட்ட ‘தனியார்’ நிறுவனங்கள் எவ்வளவு தூரம் தனியாருக்கே உரியனவாயிருந்தன என்பதும் நோக்கற்பாலது. டி.சி.-10 விமானத்திற்கான எஞ்சின், அமெரிக்க விமானப்படையின் சி-5ஏ சரக்கு விமானத்திற்கென அரச செலவில் விருத்திசெய்யப்பட்ட எஞ்சினின் வழித்தோன்றல். அச்சரக்கு விமானத்தைக் கட்டும் ஒப்பந்தத்தை 1965இல் பெற்றுக்கொண்டதும் லொக்ஹீட் நிறுவனமே. அன்றைய பெரும் பயணிகள் விமானங்களின் தொழினுட்ப அடித்தளம் இராணுவச் செலவினத்தில் இடப்பட்டதாகும்.

லொக்ஹீட் தனது விமானத்திற்குப் பிரித்தானிய ரோல்ஸ் ரொய்ஸ் நிறுவனத்தின் ஆர்.பி. 211 எஞ்சினைத் தெரிவுசெய்தது. அமெரிக்க விமானமொன்றில் வெளிநாட்டு எஞ்சின் பொருத்தப்படுவதால் ஏற்படக்கூடிய சென்மதி நிலுவைப் பிரச்சினையை ஈடுசெய்யும் பொருட்டு, எயார் ஹோல்டிங்ஸ் என்னும் பிரித்தானிய நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே விற்பதற்கென 50 விமானங்களுக்குப் பொறுப்பேற்றது. 1968 மார்ச் இறுதியில் 144 விமானங்களுக்கான கட்டளைகள் அறிவிக்கப்பட்டன. அவற்றுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டவை விமானத்தைப் பறக்கவிடும் எண்ணமில்லாத ஒரு நிறுவனத்தின் பெயரிலே இருந்தன. விமானம் பறப்பதற்கு முன்னரே அதற்கான தேவை நிதியேற்பாட்டினாற் புனையப்பட்டது எனலாம்.

3

ஆர்.பி. 211 துணிவான ஓர் ஆக்கம். வழமையான இரண்டு சுழல்தண்டுகளுக்குப் பதிலாக மூன்று சுழல்தண்டுகள் ஒன்றினுளொன்றாக அமைந்து, ஒவ்வொன்றும் தனக்குகந்த வேகத்திற் சுழலும் வண்ணம் அது வடிவமைக்கப்பட்டது. இதனால் எஞ்சினின் நீளம் குறைந்தது, விறைப்பு மிகுந்தது. எஞ்சின் குறுகியதாக இருந்தமையினாலேயே ட்றைஸ்ராரின் மூன்றாம் எஞ்சினை உடலின் பின்முனையில் வைத்து, வளைந்த குழாய் வழியே காற்றை அதற்குச் செலுத்துதல் இலகுவாயிற்று.

எடையைக் குறைப்பதற்காக முன்விசிறியின் தகடுகள் காபன் நாரினாற் செய்யப்பட்டன. பறவை மோதும் நிலைமையைச் சோதிக்க 1970 மே மாதத்தில் நடத்தப்பட்ட பரிசோதனையில் அவை சிதறின. தைத்தேனியத் தகடுகளுக்கு மாறவேண்டியதாயிற்று. அவ்வாண்டு செப்தெம்பரளவில் விருத்திச் செலவு 170 மில்லியன் பவுணாக உயர்ந்திருந்தது. ஒவ்வோர் எஞ்சினையும் உற்பத்திசெய்யும் செலவு அதன் ஒப்பந்த விலையை விஞ்சிற்று. அதாவது, எத்தனை எஞ்சின்களை விற்பினும் அத்தனைக்கும் நட்டமே. போட்டியில் ஒப்பந்தத்தைக் கைப்பற்றுவதற்காக நிலையான விலையொன்றுக்கு இணங்கியதன் விளைவு அது.

1971 பெப்ருவரி 4ஆம் திகதி ரோல்ஸ் ரொய்ஸ் முறிவடைந்தது. தள்ளாடும் நிறுவனங்களை அரசு தாங்கிப்பிடிக்கலாகாது என்ற கொள்கையை முழங்கி முந்திய ஆண்டிலே பதவிக்கு வந்த எட்வேட் ஹீத்தின் பழைமைபேண் கட்சி அரசாங்கமே அந்நிறுவனத்தின் விமான எஞ்சின் பகுதியைத் தேசியமயமாக்கிற்று. அது சோசலிசத்தில் ஏற்பட்ட காதலன்று. பல நாடுகளின் இராணுவ விமானங்கள் ரோல்ஸ் ரொய்ஸ் எஞ்சின்களிலே தங்கியிருந்தன. ஓய்வுபெற்றிருந்த ஸ்ரான்லி ஹூக்கர் முதலிய மூத்த பொறியியலாளர் மீள அழைக்கப்பட்டனர். அரச உடைமையின் கீழ் ஆர்.பி. 211 சீர்செய்யப்பட்டு நம்பகமான எஞ்சினாயிற்று. அதன் வழிவந்தவையே பிற்காலத்து ட்ரென்ற் எஞ்சின்கள். நட்டக் காலத்தில் மக்கட்பணத்தால் மீட்கப்பட்ட நிறுவனம், இலாபம் நோக்கி நிமிர்ந்த பின்னர் 1987இல் மீண்டும் தனியாருக்கு விற்கப்பட்டது. நட்டம் சமூகத்திற்கும் இலாபம் தனியாருக்கும் என்ற நியதிக்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

4

ட்றைஸ்ரார் 1970 நவம்பர் 16ஆம் திகதி கலிபோர்ணியாவின் பாம்டேலிற் கன்னிப்பறப்பை மேற்கொண்டது. மூன்று மாதம் செல்லுமுன்னரே எஞ்சின் வழங்குநர் முறிவடைந்தார். சி-5ஏ ஒப்பந்தத்தின் செலவு மிகைப்பினால் ஏற்கெனவே நலிந்திருந்த லொக்ஹீட் ஆயிரக்கணக்கான தொழிலாளரை வேலைநீக்கம் செய்தது. இருபத்துநான்கு வங்கிகள் அந்நிறுவனத்திற்குக் கடன் கொடுத்திருந்தன. அரச உத்தரவாதமின்றி மேலும் கடனளிக்க அவை மறுத்தன.

250 மில்லியன் டொலருக்கான கடன் உத்தரவாத மசோதாவை நிக்சன் அரசாங்கம் கொண்டுவந்தது. 1971 ஓகஸ்ற் மாதத் தொடக்கத்திற் செனற் சபையில் அது 49க்கு 48 என்ற வாக்குகளால் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபை அதற்குச் சற்று முன்னர் 192க்கு 189 என்ற வாக்குகளால் அதை ஏற்றிருந்தது. அந்த விவாதத்தின் அணிசேர்க்கை ஆராயத்தக்கது. சுதந்திரச் சந்தையின் காவலராக நின்ற அரசாங்கம் அரச உதவியை வேண்டிற்று. உள்நாட்டு எஞ்சின் உற்பத்தியாளராகிய ஜெனரல் இலெக்றிக் அதனை எதிர்த்தது. லொக்ஹீட் தொழிலாளரின் தொழிற்சங்கமோ நிருவாகத்தின் பக்கம் நின்று உத்தரவாதத்தை ஆதரித்தது. இதனைத் துரோகம் என்று எளிதிற் கூறிவிடலாம். ஆனால் வேலையிழந்த தொழிலாளியின் முன் வேறு வழி எதுவும் வைக்கப்படவில்லை என்பதை மறத்தலாகாது. தொழிலாளரின் சீவியம் மூலதனத்தின் சீவியத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும் வரை, மூலதனத்தை மீட்கும் போராட்டத்தில் அவர்களும் இழுத்துவிடப்படுவர்.

நேர்மையுடன் மற்றொன்றையும் குறிப்பிடவேண்டும். அக்கடன் 1977இற் தீர்க்கப்பட்டது. உத்தரவாதக் கட்டணமாக அரசுக்கு வருமானமுங் கிடைத்தது. எனவே பொதுப்பணம் விழுங்கப்பட்டது என்பதன்று நமது குற்றச்சாட்டு. விழக்கூடிய நிறுவனம் எது, விழவிடலாகாத நிறுவனம் எது என்பதைச் சந்தை தீர்மானிக்கவில்லை. அரசு தீர்மானித்தது என்பதே முக்கியமானது.

5

1972 ஏப்பிரலில் ட்றைஸ்ரார் சேவையில் இறங்கிற்று. டி.சி.-10 எட்டு மாதங்களுக்கு முன்னரே சேவையில் இருந்தது. ஆயினும் பொறியியல் நோக்கில் ட்றைஸ்ரார் மேம்பட்டதாகவே கருதப்பட்டது. நான்கு தனித்தனி நீரியல் தொகுதிகள் அதன் கட்டுப்பாட்டு உறுப்புகளை இயக்கின. மூடுபனியிலும் தானாகத் தரையிறங்கும் ஆற்றல் அதற்கு இருந்தது. 1972 மே மாதத்தில் பாம்டேலிலிருந்து வாஷிங்ரன் அருகேயுள்ள டலஸ் வரை, மேலெழுவதிலிருந்து தரையிறங்குவது வரை தன்னியக்கிக் கருவியின் துணையுடனேயே ஒரு விமானம் பறந்து காட்டிற்று. வடிவமைப்பாளரும் வரைவோரும் உலோகத் தொழிலாளருமாக எண்ணற்றோரின் கூட்டுழைப்பின் பேறு அது. அதனை மறுப்பது முற்போக்கன்று.

எனில், அது ஏன் தோற்றது? விடை தூரத்தில் இருக்கின்றது. தொடக்க வகை ஏறத்தாழ 5,000 கிலோமீற்றரே முழுச்சுமையுடன் செல்லவல்லது. கண்டங்களை இணைக்கும் நீண்டதூர வகைக்கு ஆற்றல்மிக்க எஞ்சின் வேண்டும். முறிவிலிருந்து மீண்ட ரோல்ஸ் ரொய்ஸிடம் அதற்கான நிதி அப்போது இருக்கவில்லை, லொக்ஹீட்டிடமும் இருக்கவில்லை. மக்டொனல் டக்ளஸ் தனது நீண்டதூர வகையை 1972 முடிவிலேயே சேவையில் இறக்கிற்று. உடலைச் சுமார் நான்கு மீற்றர் குறுக்கி, ஏறத்தாழ 9,900 கிலோமீற்றர் பறக்கத்தக்கதாக அமைந்த எல்-1011-500 என்னும் வகையோ 1978 ஒக்ரோபரிலேயே முதன்முறை பறந்து, மறு ஆண்டிற் பிரிட்டிஷ் எயார்வேய்ஸ் சேவையில் இறங்கிற்று. அதற்குள் 1973இன் எண்ணெய் நெருக்கடி கடந்துவிட்டது, சந்தை பங்கிடப்பட்டுவிட்டது. அவ்வகையில் ஐம்பதே கட்டப்பட்டன. நமது எயார் லங்கா நிறுவனமும் 1980களில் ட்றைஸ்ரார்களை, இந்நீண்டதூர வகை உட்பட, பயன்படுத்தியமை பலருக்கு நினைவிருக்கும்.

தொழினுட்பச் சிறப்பு விற்பனையாக மாறாதவிடத்து விற்பனைக்கு வேறு வழி தேடப்பட்டது. யப்பானில் ஓல் நிப்பொன் எயார்வேய்ஸ் நிறுவனம் 1972 ஒக்ரோபரில் ட்றைஸ்ராரைத் தெரிவுசெய்தது. லொக்ஹீட்டின் இரகசிய முகவராக வலதுசாரித் தேசியவாதி யோஷியோ கொடாமா இயங்கியதும், மருபெனி வர்த்தக நிறுவனத்தின் ஊடாகப் பிரதமர் ககுவே தனாக்காவுக்கு 500 மில்லியன் யென் சென்றதும், 1976 பெப்ருவரியில் அமெரிக்கச் செனற் உபகுழு நடத்திய விசாரணையைத் தொடர்ந்து அம்பலமாயின. தனாக்கா 1976 யூலையிற் கைதானார். 1983 ஒக்ரோபரில் நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றார். மேன்முறையீடு முடியுமுன்னரே 1993இல் இறந்தார்.

இலஞ்சம் வாக்களிக்கப்பட்ட அதே காலத்தில் லொக்ஹீட் அமெரிக்க அரசின் உத்தரவாதத்தில் வாழ்ந்துகொண்டிருந்தது என்பதை வரலாற்றாசிரியர் சிலர் தனித்தனி அத்தியாயங்களிற் கூறுவர். அவை ஒரே அத்தியாயத்திற்குரியவை. விற்றாலன்றிக் கடன் தீராது. கடன் தீர்ந்தாலன்றி நிறுவனம் நிலையாது. இந்த நிர்ப்பந்தம் நிருவாகிகளின் குற்றத்தை மன்னிக்காது, ஆனால் விளக்கும். 1977இல் வெளிநாட்டு ஊழல் நடைமுறைகளுக்கெதிரான சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. அது ஒழுக்கத்தைச் சட்டமாக்கிற்று, நிர்ப்பந்தத்தைத் தொடவில்லை.

6

1981 டிசெம்பரில் உற்பத்தியை நிறுத்தும் தீர்மானத்தை லொக்ஹீட் அறிவித்தது. நட்டம் ஏறத்தாழ 2.5 பில்லியன் டொலர் எனக் கணக்கிடப்பட்டது. அந்நிறுவனம் பயணிகள் விமானம் கட்டுவதையே கைவிட்டு இராணுவ உற்பத்திக்குத் திரும்பிற்று. போட்டியில் வென்றதாகத் தோன்றிய மக்டொனல் டக்ளஸும் நிமிரவில்லை. 1997இல் அது போயிங்குடன் இணைந்து மறைந்தது. இருவர் மோதி இருவரும் வீழ, ஏகபோகம் மேலும் இறுகிற்று. இதற்கிடையே பிராங் கோக் முதலிற் கேட்ட இரண்டு எஞ்சின் விமானத்தை ஐரோப்பிய அரசுகளின் ஆதரவுடன் எயார்பஸ் கூட்டமைப்பு கட்டிற்று.

இதனால் அரச உடைமை என்பதொன்றே பரிகாரம் என்று முடிவுகட்டுதல் தவறாகும். பிரித்தானிய, பிரெஞ்சு அரசுகளின் செலவில் உருவாகிய கொன்கோர்ட் பதினான்கே விமான சேவைகளிற் பறந்தன. அவை செல்வந்தரையே சுமந்தன. உடைமை யாரிடம் என்ற வினாவோடு, எதனை, யாருக்காக உற்பத்திசெய்வது என்பதை யார் தீர்மானிக்கின்றனர் என்ற வினாவும் சேர்ந்தே எழவேண்டும்.

இலக்கியப் படைப்பொன்றை அதன் சமூகத் தோற்றுவாயாக மட்டும் குறுக்குவது எவ்வாறு பொருந்தாதோ, அவ்வாறே ஒரு விமானத்தை அதனைச் சூழ்ந்த ஊழலாக மட்டும் குறுக்குவதும் பொருந்தாது. ட்றைஸ்ராரின் நான்கு நீரியல் தொகுதிகளும் மூன்று சுழல்தண்டுகளும் மனித அறிவின் நிலையான பேறுகள். அவற்றை ஆக்கியோர் பல்லாயிரவர். அவர்களுட் பலர் விமானம் சேவையில் இறங்குமுன்னரே வேலையிழந்தனர். உற்பத்தி இரு கண்டங்களைத் தழுவிய கூட்டுழைப்பாக விரிந்திருந்தது. தீர்மானமோ சில நிருவாக சபைகளிலும் இருபத்துநான்கு வங்கிகளிலும் ஒடுங்கிக் கிடந்தது. இவ்விரண்டிற்கும் இடையிலான முரண்பாட்டை அந்த விமானம் தனது வாழ்நாள் முழுவதும் சுமந்து பறந்தது. அதன் வீழ்ச்சியை எந்திரவியலின் தோல்வியாகக் கொள்வோர் அந்த உழைப்பாளருக்கு மீண்டும் ஒருமுறை அநீதி இழைப்போராவர்.