மரோசானின் முந்திரிகை அறுவடை

அறுவடை என்றதும் ஆடலும் பாடலும் நம் நினைவுக்கு வருகின்றன. உழைப்பவனுக்கோ அதுவே சோதனைக் காலமாய் அமைவதும் உண்டு. தென் பிரான்சின் லாங்கெடோக் பகுதி இதற்குச் சான்று.

அங்கே செப்டெம்பரில் முந்திரிகைக் குலைகள் பழுத்துவிட்டால் அக்காலத்தில் குடும்பம் முழுவதும் தோட்டத்தில் இறங்கியது. பறித்த பழம் காத்திராது. உடனே பிழிந்து நொதிக்கவிட வேண்டும். அதற்குரிய பெருந்தொட்டி இல்லாத சிறு தோட்டக்காரன் அன்று வணிகன் சொன்ன விலைக்கே தலையசைத்தான். 1900ஆம் ஆண்டையொட்டி, மிகையுற்பத்தியாலும் சீனி கலந்த போலி மதுவாலும் விலை வீழ்ந்தபோது, நல்ல விளைச்சலே அவனுக்கு வறுமையைக் கொணர்ந்தது.

1907இல் அம்மக்கள் கிளர்ந்தெழுந்தனர். ஜூன் 9ஆந் திகதி மொன்பெலியே நகரில் இலட்சக்கணக்கானோர் திரண்டனர். சில நாட்களில் நார்பொன் நகரில் இராணுவம் மக்களைச் சுட்டது. அச்செய்தி கேட்ட 17ஆவது காலாட்படையினர் கலகஞ் செய்தனர். அம்மாத இறுதியிலேயே போலி மதுவுக்கு எதிரான சட்டம் பிறந்தது.

ஆயினும், சட்டம் சிறு தோட்டக்காரனுக்குத் தொட்டியைத் தரவில்லை; கூட்டுறவே தந்தது. பெசியே நகரருகேயுள்ள மரோசான் கிராமத்தவர் 1901இலேயே ஒன்றுகூடினர்; 1905இல் பொது மதுக்கூடம் அமைத்தனர்; பாரிஸ் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு நேரே விற்றனர். அவ்வாண்டு அங்கு சென்ற சோசலிசத் தலைவர் ஜான் ஜோரெஸ் அம்முயற்சியைப் போற்றினார்.

கொடி மட்டும் குடும்பத்தின் உடைமையாயிருந்தாற் போதாது. தொட்டியும் சந்தையும் உழைப்போர் கைக்கு வரும்போதே அறுவடை அவர்களுக்கு விழாவாகும்.