பாரீஸ் கைவிட்ட பொட்டலம்

நாகூரிலிருந்து தரங்கம்பாடிக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? வழியில் ஒரு 'வெளி மாநிலம்' வரும்! வாஞ்சூரில் நுழைந்தால் காரைக்கால்... அது புதுச்சேரிக்குச் சொந்தம். பூவம் தாண்டினால் மறுபடி தமிழ்நாடு. பைக்குள் பாட்டில் வைத்திருக்கும் ஆசாமி லேசாக நெளிய ஆரம்பிப்பது அப்போதுதான். ஜன்னலோரம் உட்கார்ந்து, பாரீஸில் இருக்கும் அண்ணனோடு செல்போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டு வரும் பெண்ணுக்கோ, எல்லை வந்ததே தெரியாது. டவர்கள் மாறிக்கொண்டே இருக்கும். பேச்சு மட்டும் அறுபடாது!

எப்படி?

நீங்கள் 'டேட்டா'வைத் தட்டியதும் போன் முதலில் ஒரு மனு போடுகிறது. 'நான் இன்ன சிம், இன்டர்நெட் வேண்டும்.' கம்பெனி சரிபார்த்து, ஒரு தற்காலிக விலாசம் கொடுக்கும். பிறகு உங்கள் குரல், படம் எல்லாம் சின்னச் சின்னப் பொட்டலங்களாக நறுக்கப்பட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் போய்ச் சேரவேண்டிய விலாசம் ஒட்டப்பட்டுக் கிளம்பும். கம்பெனியின் வாசல் கம்ப்யூட்டர் ஒன்று ஏதோ ஒரு நகரத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதுவரை பொட்டலத்தை இன்னொரு உறைக்குள் போட்டு எடுத்துப் போகிறார்கள். நீங்கள் ஊர் ஊராக நகரும்போது மாறுவது வெளி உறையின் விலாசம்தான். உள்ளே உங்கள் விலாசம் அப்படியே இருக்கும். வாசலில் உறையைப் பிரித்துவிட்டால், பொட்டலம் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விடும்.

இந்தத் 'தன் வழியே போகும்' பொட்டலத்துக்குப் பின்னால் ஒரு பிரெஞ்சுக்காரரின் சோகக்கதை இருக்கிறது.

காரைக்காலை பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தது 1739-ல். நடுவில் சில தடவை ஆங்கிலேயரிடம் கைமாறினாலும், 1954 நவம்பர் 1 வரை ஊர் அவர்கள் கையில்தான். 1962-ல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்றவர்களும் இருந்தார்கள். காரைக்கால் வீடுகளுக்கு பாரீஸில் சொந்தபந்தம் இருப்பது அந்த வழியில்தான்.

அதே பிரான்ஸில், 1970-களின் தொடக்கத்தில், லூயி பூஸான் என்கிற இன்ஜினீயர் 'சிக்லாத்' என்று ஒரு கம்ப்யூட்டர் வலையைக் கட்டினார். தகவலைப் பொட்டலமாக நறுக்கும் யோசனை அவருடையது அல்ல. அமெரிக்காவில் பால் பேரன், இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸ் இருவரும் 60-களிலேயே அதைச் சொல்லிவிட்டார்கள். பூஸான் செய்தது வேறு. 'வழியில் இருக்கும் வலை எதற்கும் பொறுப்பேற்க வேண்டாம். பொட்டலம் எந்தப் பாதையில் வேண்டுமானாலும் போகட்டும், முன்னே பின்னே வரட்டும், தொலையக்கூடச் செய்யட்டும்! இரு முனையிலும் உள்ள கம்ப்யூட்டர்கள் அடுக்கிக்கொள்ளும், இல்லாததைத் திரும்பக் கேட்டுக்கொள்ளும்' என்றார். 'டேட்டாகிராம்' என்று பெயர். டேட்டாவும் டெலிகிராமும் சேர்ந்த கலவை!

பிரெஞ்சு தபால்-தொலைபேசி இலாகாவுக்கு இது பிடிக்கவில்லை. பொறுப்பில்லாத வலையா? டெலிபோன் கால் மாதிரி முதலில் பாதை போடு, பொட்டலமெல்லாம் அதில் வரிசையாகப் போகட்டும்... அவர்கள் முன்னின்று வாதாடிய 'எக்ஸ்.25' 1976-ல் சர்வதேசத் தரமானது. 1978-ல் அதை வைத்து 'டிரான்ஸ்பாக்' வலை வந்தது. பின்னால் புகழ்பெற்ற மினிடெல் அதன் மேல்தான் ஓடியது. சிக்லாத்துக்குப் பணம் வற்றிப்போனது. இழுத்து மூடினார்கள்.

ஆனால் அமெரிக்காவில் விண்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் இன்டர்நெட்டின் அடிப்படை விதிகளை 1974-ல் எழுதியபோது, பூஸானின் யோசனையை எடுத்துக்கொண்டார்கள். அவர்தம் குழுவைச் சேர்ந்த ஜெரார் லெ லான் ஸ்டான்ஃபோர்டுக்கே போய் செர்ஃபுடன் வேலை பார்த்தவர்.

செல்போனுக்கு இது வந்தது 'ஜி.பி.ஆர்.எஸ்.' மூலம். அதற்கு முன்னால் செல்லில் இன்டர்நெட் என்றால், கால் போட்டு, சும்மா படித்துக்கொண்டிருந்தாலும் நிமிடத்துக்குக் காசு அழவேண்டும். ஜி.பி.ஆர்.எஸ்.ஸில் அனுப்பிய பொட்டலத்துக்கு மட்டும் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், அதன் ஆரம்ப விதிகளில் எக்ஸ்.25-க்கும் இடம் வைத்திருந்தார்கள். சீந்துவாரில்லாமல் பிறகு எடுத்துவிட்டார்கள். இலாகாக்காரர்கள் முழுக்கத் தோற்றார்கள் என்றும் சொல்லமாட்டேன். போனிலிருந்து வாசல் கம்ப்யூட்டர்வரை முதலில் பாதை போடுகிறார்களே, அது அவர்கள் கேட்ட மாதிரிதானே?

2012 ஜூன் 30-ல் மினிடெல்லை மூடினார்கள். மறுவருடம் லண்டனில் இன்ஜினீயரிங்குக்கான ராணி எலிசபெத் பரிசு முதல்முறையாக ஐந்து பேருக்குத் தரப்பட்டது. செர்ஃப், கான் பெயர்களுக்குப் பக்கத்தில் பூஸான் பெயரும் இருந்தது.